பாலையும் நெய்தலும் கூடும் தடம்

இயல் ஐந்து – உரைநடை உலகம்

நுழையும்முன்

நிலத்தை ஐந்திணையாகப் பகுத்துக் கண்டவர் தமிழர். கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். நீரற்று வறண்ட சுரம் பாலை. இவ்விரு நிலங்களும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் இடம் ஒன்று ஸ்பெயின் நாட்டின் தென்கிழக்கு மூலையில், மத்தியதரைக் கடலின் கரையில் உள்ளது. ஒரு பகற்பொழுதில் மிதிவண்டியில் அதனைச் சுற்றி வரலாம். அங்குச் செல்லும் மிதிவண்டியர் காண்பன யாவை, காக்க வேண்டுவன யாவை என்பதை இப்பாடம் கூறுகிறது.

காபோ தே காத்தா

ஸ்பெயினின் அல்மேரியா மாகாணத்தில் அமைந்தது காபோ தே காத்தா – நீஹார் இயற்கைப் பூங்கா. 'காபோ' என்னும் ஸ்பானியச் சொல்லுக்கு முனை என்பது பொருள். 'காத்தா' என்பது பெண் பூனையைக் குறிக்கும். ஆயினும் இப்பெயர் பூனையால் வந்ததன்று. இப்பகுதியில் கிடைக்கும் 'ஆகத்தா' என்னும் மணிக்கல்லின் பெயரே நாளடைவில் திரிந்தது என்பர்.

இந்நிலம் எரிமலைகளால் ஆனது. ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இங்கே எரிமலைகள் குமுறின. அவை கக்கிய குழம்பும் சாம்பலும் இறுகிக் கரிய, சிவந்த, மஞ்சள் நிறப் பாறைகளாயின. அப்பாறைகளை அலையும் காற்றும் அரித்ததால் செங்குத்தான கரைகளும் அவற்றிடையே சிறு மணற்கரைகளும் தோன்றின.

ஐரோப்பாவிலேயே மிகக் குறைந்த மழை பெறும் பகுதிகளுள் இதுவும் ஒன்று. ஆண்டு மழை 200 மில்லிமீட்டர் அளவைப் பெரும்பாலும் எட்டுவதில்லை. சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் என்பதை நினைத்தால், இந்நிலத்தின் வறட்சி விளங்கும். இராஜஸ்தானின் ஜெய்சல்மேர் பகுதியோடு இதனை ஒப்பிடலாம். ஆனால் ஜெய்சல்மேரில் கடல் இல்லை. இங்கோ பாலையின் காலடியிலேயே அலை அடிக்கிறது.

1987ஆம் ஆண்டு இப்பகுதி இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1997இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. கரைநிலம் மட்டுமன்றிக் கரையை அடுத்த கடற்பரப்பும் பூங்காவின் எல்லைக்குள் அடங்கும்.

சுற்றுத்தடம்

சென்ற வழியே திரும்பாமல், புறப்பட்ட இடத்திற்கே வேறு வழியாக வந்து சேரும் பாதை சுற்றுத்தடம் எனப்படும். காபோ தே காத்தாவின் சுற்றுத்தடம் 40 கிலோமீட்டருக்கு மேற்பட்டது. கிழக்கே சான் ஹோசே என்னும் சிற்றூர். தெற்கே கலங்கரை விளக்கம். மேற்கே காபோ தே காத்தா என்னும் மீனவர் ஊர். இம்மூன்றையும் கரையோரமாக ஒரு பாதை இணைக்கிறது. மேற்கிலுள்ள ஊரிலிருந்து உள்நிலம் வழியாகச் செல்லும் சாலை மீண்டும் சான் ஹோசேயை அடைகிறது.

சுற்றுத்தடத்திற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அதனை எந்த இடத்திலும் தொடங்கலாம். எங்கே தொடங்குவது என்பதை இங்குக் காற்றே முடிவு செய்கிறது. கிழக்கிலிருந்து வீசும் காற்றுக்கு 'லெவாந்தே' என்றும், மேற்கிலிருந்து வீசும் காற்றுக்குப் 'போனியெந்தே' என்றும் பெயர். நம் முன்னோர் கீழ்க்காற்றைக் கொண்டல் என்றும், மேல்காற்றைக் கோடை என்றும் பெயரிட்டு அழைத்ததைப் போன்றது இது.

உடலில் வலிமை நிறைந்திருக்கும்போதே எதிர்காற்றைக் கடந்துவிட வேண்டும். களைத்துத் திரும்பும்போது காற்று முதுகைத் தள்ள வேண்டும். ஆதலின், மேல்காற்று வீசும் நாளில் கிழக்கிலுள்ள சான் ஹோசேயிலிருந்து புறப்படுதல் நன்று. கீழ்க்காற்று வீசும் நாளில் மேற்கிலுள்ள மீனவர் ஊரிலிருந்து புறப்படுதல் நன்று.

புறப்படும் முன்

மலைத்தடத்தில் செல்லும் மிதிவண்டி, நாம் தெருவில் ஓட்டும் மிதிவண்டியினின்றும் வேறுபட்டது. அதன் டயர்கள் அகன்றவை. மண்ணைப் பற்றுவதற்கு ஏற்ற முண்டுகளை உடையவை. முன்சக்கரத்தைத் தாங்கும் கவையில் அதிர்வைத் தாங்கும் அமைப்பு உண்டு. பற்சக்கரங்கள் பல இருப்பதால் ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் ஏற்பக் கியரை மாற்றிக்கொள்ளலாம்.

ஏற்றத்தில் செல்லும்போது முன்னே சிறிய பற்சக்கரமும் பின்னே பெரிய பற்சக்கரமும் அமைய வேண்டும். அப்போது மிதிகட்டையை ஒரு முறை சுற்றினால் வண்டி சிறிது தொலைவே செல்லும். ஆனால் காலுக்குச் சுமை குறையும். ஏற்றத்தில் திணறத் தொடங்கிய பின் கியரை மாற்றினால் சங்கிலி நழுவக்கூடும். எனவே ஏற்றம் தொடங்கும் முன்னரே மாற்றிக்கொள்ள வேண்டும்.

சரளைக்கல் நிறைந்த இறக்கத்தில் முன்பிரேக்கை மட்டும் இறுகப் பிடித்தால் முன்சக்கரம் சறுக்கும். உடலைச் சற்றே பின்னுக்குச் சாய்த்து, இரு பிரேக்குகளையும் அளவாக, விட்டுவிட்டுப் பிடிப்பதே முறை. தலைக்கவசம், காற்றடிக்கும் பம்பு, மாற்று டியூப், பஞ்சர் ஒட்டும் பொருள்கள் ஆகியவற்றை மறவாது எடுத்துச் செல்ல வேண்டும்.

எல்லாவற்றினும் இன்றியமையாதது நீர். சான் ஹோசேக்கும் கலங்கரை விளக்கத்திற்கும் இடையே ஊர் இல்லை. நிழல் தரும் மரங்களும் அரிது. கோடையில் நண்பகல் வெயிலில் இத்தடத்தில் செல்வது உயிருக்கே ஊறு விளைவிக்கலாம். வசந்த காலமும் இலையுதிர் காலமும் ஏற்றவை. கோடையில் செல்ல நேர்ந்தால் விடியலில் புறப்பட வேண்டும்.

கரையோரப் பாதை

மேல்காற்று வீசும் ஒரு நாளில் சான் ஹோசேயிலிருந்து நாம் புறப்படுவதாகக் கொள்வோம். ஊரைக் கடந்ததும் மண்பாதை தொடங்குகிறது. அருகே ஒரு பழைய காற்றாலை நிற்கிறது. அக்காலத்தில் தானியத்தை மாவாக்க அது பயன்பட்டது. நீரோட்டம் இல்லாத நாட்டில் காற்றையே வேலைக்கு அமர்த்தினர் மக்கள்.

வாகனங்கள் பல செல்லும் மண்பாதையில் குறுக்கே சிறு சிறு அலைகள் போன்ற மேடுகள் உண்டாகும். அவற்றின்மேல் செல்லும்போது கைகள் நடுங்கும். கைப்பிடியை இறுகப் பற்றாமல், முழங்கையைச் சற்று மடக்கி, இருக்கையிலிருந்து சிறிது எழுந்து ஓட்டினால் அதிர்வு குறையும்.

முதலில் எதிர்ப்படுவது ஹெனோவேஸெஸ் விரிகுடா. ஜெனோவா நகரத்தார் என்பது இப்பெயரின் பொருள். 1147ஆம் ஆண்டு அல்மேரியா நகரைக் கைப்பற்ற வந்த ஜெனோவா நகரத்துக் கலங்கள் இங்கே நங்கூரமிட்டு நின்றன. எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அக்கலங்களின் நினைவு கரையின் பெயரில் நிலைத்துவிட்டது.

அடுத்து மோன்சூல் கடற்கரை. கரையின் நடுவே, அலை உறைந்து கல்லானாற்போல் ஒரு பெரும்பாறை கவிந்து நிற்கிறது. அதன் அருகே காற்று குவித்த மணல்மேடு உண்டு. மணல்மேட்டை நம் இலக்கியங்கள் எக்கர் என்று கூறும்.

மோன்சூலைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் பாதையின் குறுக்கே ஒரு தடுப்பு. மகிழுந்துகள் அங்கேயே நின்றுவிட வேண்டும். நடப்பவரும் மிதிவண்டியரும் மட்டுமே அப்பால் செல்லலாம். தடுப்பைத் தாண்டியதும் எஞ்சின் ஓசை மறைகிறது. காற்றின் ஓசையும் கீழே அலையின் ஓசையும் மட்டுமே கேட்கின்றன.

அங்கிருந்து வேலா பிளாங்கா உச்சி வரை கடும் ஏற்றம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் உயரத்தில் 18ஆம் நூற்றாண்டுக் காவற்கோபுரம் ஒன்று நிற்கிறது. கடற்கொள்ளையர் வருகையை அறிவிக்கக் கட்டப்பட்டது அது. கோபுரத்தின் அருகிலிருந்து பார்த்தால், வந்த வழி கிழக்கேயும் செல்லும் வழி மேற்கேயும் ஒருங்கே தெரியும்.

விளக்கமும் உப்பளமும்

மறுபுறம் இறங்கினால் கலங்கரை விளக்கத்தை அடையலாம். இது 1863ஆம் ஆண்டு கட்டப்பட்டது. இதன் அடியில் கடலிலிருந்து கூரிய கரும்பாறைகள் எழுந்து நிற்கின்றன. அவை பழைய எரிமலைகளின் தொண்டைக்குழியில் இறுகிப்போன குழம்பின் எச்சங்கள். இவற்றைக் 'கடற்கன்னியர் பாறை' என்று மக்கள் அழைக்கின்றனர். முன்பு இங்கு வாழ்ந்த கடல்நாய்களின் குரலைக் கேட்ட மாலுமிகள் கன்னியர் பாடுவதாக எண்ணினர் என்று ஒரு வழக்கு உண்டு.

கடலுக்கு அடியில் பொசிடோனியா என்னும் தாவரம் புல்வெளியைப் போலப் பரந்துள்ளது. இது பாசியன்று, வேரும் பூவும் காயும் உடைய தாவரம். மத்தியதரைக் கடலில் மட்டுமே வாழ்வது. மீன்குஞ்சுகளுக்கு இதுவே தொட்டில். உதிர்ந்து கரையில் ஒதுங்கும் இதன் இலைகள் குப்பையைப் போலத் தோன்றினும், அலை மணலை அரித்துச் செல்லாமல் காப்பவை அவையே.

கலங்கரை விளக்கத்தைக் கடந்து வளைந்து செல்லும் குறுகிய சாலை, உப்பளங்களை நோக்கி இறங்குகிறது. தூத்துக்குடியிலும் வேதாரணியத்திலும் நடைபெறுவது போன்றே இங்கும் கடல்நீர் பாத்தியிலிருந்து பாத்திக்குச் செல்கிறது. வெயிலும் காற்றும் நீரை உறிஞ்ச, உவர் மிகுந்து, இறுதிப் பாத்தியில் உப்பு விளைகிறது. சாலையோரத்தில் உப்பளத் தொழிலாளர் வழிபட்ட தேவாலயம் ஒன்று தனித்து நிற்கிறது.

உப்பளத்து நீரில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாய் இரை தேடுகின்றன. நம் கோடியக்கரையிலும், மும்பையை அடுத்த தாணே கழிமுகத்திலும், குஜராத்தின் கட்ச் பகுதியிலும் காணப்படும் பெரும் பூநாரையும் இதுவும் ஒரே இனம். உவர்நீரில் வாழும் சிறு இறால்களையும் பாசியையும் உண்பதால் அவற்றின் இறகு செந்நிறம் பெறுகிறது. மனிதர் உப்பு விளைவிப்பதை நிறுத்திவிட்டால் பாத்திகளில் நீர் நில்லாது. நீர் இல்லையேல் பூநாரையும் இல்லை. தொழிலும் உயிரினமும் ஒன்றையொன்று தாங்கும் இடம் இது.

உள்நிலம்

மீனவர் ஊரிலிருந்து பாதை உள்நிலத்திற்குத் திரும்புகிறது. இங்கே வாழும் செடிகள் யாவும் வறட்சியோடு போராடக் கற்றவை. குட்டையான விசிறிப்பனை ஒன்று பாறை இடுக்கில் வளர்கிறது. இலந்தையின் உறவான ஒரு முட்புதர், நிலத்தடி நீரைத் தேடி வேரை மிக ஆழத்திற்குச் செலுத்துகிறது. நாருக்காக 20ஆம் நூற்றாண்டில் நடப்பட்ட ஆனைக்கற்றாழைகள் ஒரே ஒரு முறை நெடிய பூத்தண்டை உயர்த்திப் பூத்து, பின் மடிகின்றன.

ருவேஸ்காஸ் என்னும் சிற்றூரின் அருகே காட்சி மாறுகிறது. பிளாஸ்டிக் விரித்த பசுமைக்குடில்கள் வெள்ளைப் பரப்பாய்த் தோன்றுகின்றன. ஐரோப்பிய நாடுகளின் உணவு மேசைக்குச் செல்லும் தக்காளி இங்கே விளைகிறது. மழை குறைந்த நாட்டில் அதற்கான நீர் நிலத்தடியிலிருந்தும் எடுக்கப்படுகிறது.

சான் ஹோசேயை நெருங்கும்போது போசோ தே லோஸ் ஃப்ரைலேஸ் என்னும் ஊர் வருகிறது. துறவியர் கிணறு என்பது இதன் பொருள். அங்கே பழைய நீரிறைக்கும் சக்கரம் ஒன்று புதுப்பிக்கப்பட்டுள்ளது. விலங்கு ஒன்று வட்டமாய் நடக்க, பற்சக்கரங்கள் சுழல, கலயங்கள் நீரை மேலே கொணரும். வட இந்தியச் சிற்றூர்களில் 'ரஹட்' என்று வழங்கியதும் இத்தகைய பொறியே. அரபு மக்களின் வழியாக இக்கலை ஸ்பெயினில் பரவியது. விலங்கு நடந்த அளவுக்கே நீர் வந்தது; அதனால் மக்கள் நீரின் அருமையை அறிந்திருந்தனர்.

விலகாத் தடம்

இக்கடற்கரை இன்றும் கட்டடங்கள் இன்றி இருப்பது எவ்வாறு? மத்தியதரைக் கடலின் ஸ்பானியக் கரையில் பல இடங்களை விடுதிகளும் அடுக்ககங்களும் மூடிவிட்டன. சான் ஹோசேயை ஒட்டிய கரைநிலத்தின் பெரும்பகுதிக்கு உரியவராய் இருந்தவர் பிரான்சிஸ்கா தியாஸ் தோரெஸ் என்னும் அம்மையார். மக்கள் அவரைத் 'தோன்யா பாகீத்தா' என்று அன்புடன் அழைத்தனர். விடுதி கட்ட விரும்பியவர்களுக்கு அவர் தம் நிலத்தை விற்க மறுத்தார். பின்னர் சட்டமும் இப்பகுதிக்குக் காவலாயிற்று.

சட்டம் மட்டும் போதுமா? பூங்காவின் வட எல்லையில் அல்கர்ரோபீக்கோ என்னும் கடற்கரை உண்டு. அங்கே 2003ஆம் ஆண்டு 400க்கும் மேற்பட்ட அறைகள் கொண்ட விடுதி ஒன்றைக் கட்டத் தொடங்கினர். 2006இல் நீதிமன்றம் அப்பணியை நிறுத்தியது. அந்நிலம் கட்டடம் எழுப்பத்தகாதது என 2016இல் ஸ்பெயினின் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு விருந்தினரும் தங்காமலே அவ்வெண்ணிறக் கட்டடம் ஆண்டுக்கணக்கில் மலைச்சரிவில் நின்றது. கட்டுவதற்கு மூன்று ஆண்டுகள். அதனால் எழுந்த வழக்குகளுக்கோ அதனினும் பன்மடங்கு காலம்.

பெரிய கட்டடத்திற்கு நேர்வது சிறிய சக்கரத்திற்கும் பொருந்தும். வறண்ட நிலத்தின் மேற்பரப்பில் கண்ணுக்கு எளிதில் புலனாகாத ஓர் உயிர்ப்படலம் உண்டு. நுண்ணுயிர்களும் மரப்பாசிகளும் மண்துகள்களைப் பிணைத்து உருவாக்கிய மெல்லிய தோல் அது. காற்று மண்ணை வாரிச் செல்லாமலும், அரிதாகப் பெய்யும் பெருமழை மண்ணை அரிக்காமலும் காப்பது அத்தோலே. மிதிவண்டியின் டயர் ஒரு முறை ஏறினால் அது நொறுங்கும். மீண்டும் உருவாகப் பல ஆண்டுகள் ஆகும். ஒருவர் குறுக்கே சென்ற சுவட்டைக் கண்டு, 'இதுவும் ஒரு வழி போலும்' என்று பத்துப் பேர் தொடர்வர். அடுத்த மழையில் அச்சுவடு வாய்க்காலாகும்.

மிதிவண்டி புகை கக்குவதில்லை, ஓசை எழுப்புவதில்லை. அதனால் அது இயற்கைக்கு எத்தீங்கும் செய்யாது என்று எண்ணலாகாது. மகிழுந்துக்கு மறுக்கப்பட்ட தடுப்பைக் கடக்கும் உரிமை மிதிவண்டிக்குக் கிடைத்துள்ளது. அவ்வுரிமையோடு ஒரு கடமையும் வந்து சேர்கிறது. தடத்தை விட்டு விலகாமை, நடப்பவர்க்கு வழிவிடுதல், கொண்டு சென்ற பொருளைத் திரும்பக் கொணர்தல் என்பன அக்கடமையின் கூறுகள்.

நீங்கள் வாழும் ஊரின் அருகிலும் ஒரு குன்றோ, காடோ, கழிமுகமோ இருக்கக்கூடும். தில்லியின் ஆரவல்லித் தொடரும் மும்பையின் சதுப்புநிலக் காடும் அத்தகையனவே. பிறந்த ஊர் வேறாயினும், வாழும் ஊரின் மண்ணும் நம் பொறுப்பே. அங்கே உங்கள் சக்கரம் எத்தடத்தில் செல்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

தெரிந்து தெளிவோம்

1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சில இளைஞர்கள் தடித்த டயர் கொண்ட பழைய மிதிவண்டிகளைத் திருத்தியமைத்து, தமால்பைஸ் மலையின் மண்பாதைகளில் இறங்கி விளையாடினர். இன்றைய மலை மிதிவண்டி அவ்வாறு வளர்ந்ததே. 1996ஆம் ஆண்டு அட்லாண்டா நகரில் நடைபெற்ற ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது.

சொல்லும் பொருளும்

சுரம் – வறண்ட பாலை வழி
எக்கர் – மணல்மேடு
கலம் – கப்பல்
கவை – இரண்டாகப் பிரிந்த தண்டு
உவர் – உப்புத்தன்மை
ஊறு – துன்பம், கேடு

இலக்கணம் அறிவோம்

'வறண்ட நிலம்' என்பதில் வறண்ட என்னும் எச்சம் நிலம் என்னும் பெயரைக் கொண்டு முடிகிறது, இது பெயரெச்சம். 'விலகாத தடம்' என்பது எதிர்மறைப் பெயரெச்சம். இதன் இறுதி எழுத்தாகிய 'த' கெட்டு, 'விலகாத் தடம்' என நின்றால் அஃது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் எனப்படும். வற்றாக் கிணறு, அழியாப் புகழ் என்பனவும் அத்தகையன.

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. காபோ தே காத்தா உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்கப்பட்ட ஆண்டு
அ) 1863 ஆ) 1987 இ) 1997 ஈ) 2016

2. 'உப்பளம்' என்னும் சொல்லைப் பிரித்து எழுதக் கிடைப்பது
அ) உப் + அளம் ஆ) உப்பு + அளம் இ) உப்ப + களம் ஈ) உப்பு + தளம்

3. கீழ்க்கண்டவற்றுள் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
அ) சென்ற வழி ஆ) ஏறி வந்தான் இ) வாடா மலர் ஈ) பெரும்பாறை

ஆ. குறுவினா

1. சுற்றுத்தடம் என்பது யாது?
2. ஏற்றம் தொடங்கும் முன்னரே கியரை மாற்ற வேண்டுவது ஏன்?
3. பூநாரையின் இறகு செந்நிறம் பெறுவதற்குக் காரணம் என்ன?

இ. சிறுவினா

1. கீழ்க்காற்று வீசும் நாளில் எவ்வூரிலிருந்து புறப்படுதல் நன்று? காரணம் கூறுக.
2. கரையில் ஒதுங்கும் பொசிடோனியா இலைகளை அகற்றாமல் விட வேண்டும் என்பதை ஒரு கடற்கரை விடுதி உரிமையாளருக்கு எவ்வாறு விளக்குவீர்?

ஈ. நெடுவினா

'ஓசையும் புகையும் இல்லாத மிதிவண்டியும் நிலத்திற்குத் தீங்கு செய்யக்கூடும்.' இக்கருத்தைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.

உ. கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் அருகே மிதிவண்டியில் செல்லத்தக்க ஒரு சுற்றுத்தடத்தை வரைந்து, வழியில் உள்ள நீர்நிலை, மரங்கள், பறவைகள் ஆகியவற்றின் தமிழ்ப் பெயர்களைக் குறிக்க.
2. உங்கள் தாத்தா, பாட்டி வாழ்ந்த ஊரில் நீர் இறைக்கப் பயன்பட்ட பொறி யாது எனக் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.